பதினேழாம் உறையும் ஒரு தூரத்துச் சொந்தமும்

4

"நாலு மணிக்குக் கையெழுத்துப் போடறேன். அதுக்குள்ள உங்க அறிக்கை வந்துட்டா வசதியா இருக்கும்" என்றார் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர்.

அவர் மேசைமேல் ஒரு தாள் தயாராகத் தட்டச்சு செய்யப்பட்டுக் கிடந்தது. விதைக் கிடங்குப் பொறுப்பாளரை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவு. காரணம் என்ற இடத்தில் 'தனியார் துப்பறிவாளரின் அறிக்கையின்படி' என்று இருந்தது. நாங்கள் அந்த அறைக்குள் வந்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

"மாமா, நம்ம வேகத்தைப் பாருங்க" என்றான் மாப்பிள்ளை என் காதோரம். "வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டோம்."

மாப்பிள்ளை என் மனைவியின் தம்பி. என் ஒரே உதவியாளன். எங்கள் நிறுவனத்தில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்று வாடிக்கையாளருக்கு. இன்னொன்றில் அவன் உட்கார்ந்திருப்பான். நின்றபடி யோசிப்பதுதான் துப்பறிவாளனுக்கு அழகு என்று அவன் சொல்லியிருந்ததால் நான் நின்றுகொண்டிருப்பேன். அவன் எங்களை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. மற்றதெல்லாம் முன்னே பின்னே இருந்தாலும், அவன் பேசியதை மட்டும் மாற்றாமல் எழுதப் பார்க்கிறேன்.

தலைவருக்கு அறுபதை நெருங்கும் வயது. அவர் தலைக்கு மேலே சட்டமிட்ட ஒரு பத்திரிகைப் படம் தொங்கியது. படத்தில் இளவயதுத் தலைவர், கையில் ஒரு கொண்டைக்கடலைச் செடி. வேர் அழுகல் நோய் தாக்காத புது ரகம். அதுதான் அவரை அந்த நாற்காலிக்குக் கொண்டுவந்தது.

அவர் ஒரு வரைபடத்தை எங்கள் பக்கம் திருப்பினார். தலைகீழாக நிறுத்திய மரம்போல் கோடுகள் பிரிந்து பிரிந்து போயின.

"இது கடலையோட வம்ச வரைபடம். மரபணுவைப் பார்த்து வெளி ஆய்வகம் போட்டுக் கொடுத்தது. இதோ, நாம சாப்பிடற கொண்டைக்கடலை. அதுக்குப் பக்கத்துக் கிளையில இருக்கே, இது ஒரு காட்டுக் கடலை. விதைத்தோல்ல மீன்வலை மாதிரி வரி இருக்கும். நாங்க வலையன்னு சொல்வோம். நெருங்கின சொந்தம். அதோ, ஒரு முழம் தள்ளித் தனியா நிக்குதே, அது பிளவன். விதை நடுவுல பிளந்து ரெண்டு கன்னம் வச்ச மாதிரி இருக்கும். தூரத்துச் சொந்தம்."

"கல்யாணத்துக்குப் பத்திரிகை மட்டும் அனுப்பற சொந்தம்" என்றான் மாப்பிள்ளை.

"அப்படித்தான் வச்சுக்குங்களேன். வலையனோட மகரந்தத்தை நம்ம கடலைப் பூவுல தடவினா காய் பிடிக்கும். அந்தப் பிள்ளையும் பிள்ளை பெறும். பிளவனைத் தடவினா பூ உதிரும். உதிராட்டி பிஞ்சு வாடும். எத்தனையோ பேர் முயற்சி பண்ணிக் கைவிட்டது."

"ஆளுங்க விஷயத்துல நெருங்கின சொந்தத்துல கட்டினா பிள்ளைக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்றாரு. இங்க நெருங்கின சொந்தத்துல கட்டினாத்தான் பிள்ளையே."

"ஆனா நான் பிளவனோட கலந்தேன்" என்றார் தலைவர். சுவரில் இருந்த படத்தைப் பார்க்காமல் இருக்க அவர் படாத பாடு பட்டார். "அதுலேருந்துதான் இந்த ரகம்."

"எத்தனை வருஷம் ஆச்சு சார், காய் பிடிக்க?"

"முதல் பருவத்துலயே. இருபது பூவுல பதினாலு காய்."

"ஊரெல்லாம் கைவிட்டது உங்களுக்கு முதல் தடவையிலயே பலிச்சிருக்கு. கைராசி சார்."

தலைவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். நானும் அப்போது அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். அந்த ரகத்துக்குப் பதக்கம் தருவதைப் பற்றி ஒரு குழு ஆலோசித்துக்கொண்டிருந்தது. அதற்காகக் காட்டுப் பெற்றோரின் விதையைச் சோதித்துப் பார்க்கக் கேட்டார்கள். குளிரறையில் பதினேழாம் எண் உறையிலிருந்து பத்து விதைகள் போயின. உறைமேல் எழுதியிருந்தது பிளவன். வரைபடத்தில் வந்து உட்கார்ந்ததோ வலையனின் கிளையில்.

"பதினாறாம் உறை வலையன். பக்கத்துப் பக்கத்து உறை. கிடங்குல அந்தம்மா மாத்திப் போட்டுட்டாங்க. வேணும்னே செஞ்சாங்களா, கவனக்குறைவான்னு நீங்க சொன்னா போதும்."

"செய்யவே இல்லைன்னா?" என்று கேட்டேன்.

"அப்படி ஒரு கட்டம் உத்தரவுல இல்லையே" என்றார், உண்மையாகவே யோசித்து.

மணி பதினொன்று.

* * *

வெளியே தார்ச்சாலை செருப்பில் ஒட்டுகிற வெயில். கிடங்குப் பொறுப்பாளர் கம்பளிச் சட்டையும் குல்லாயும் போட்டுக்கொண்டு குளிரறை வாசலில் நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான அம்மாள். கழுத்தில் சாவிக் கொத்து.

"நீங்கதான் என்னைக் கண்டுபிடிக்க வந்தவங்களா?"

"கண்டுபிடிச்சுட்டோம் அக்கா" என்றான் மாப்பிள்ளை. "சொன்ன இடத்துலதான் இருக்கீங்க."

அவர் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு கம்பளிச் சட்டையை எடுத்து நீட்டினார். மாப்பிள்ளைக்குக் கிடைத்தது முழங்கால்வரை தொங்கியது.

உள்ளே மூச்சு புகையாக வந்தது. தரையிலிருந்து கூரைவரை அடுக்குகள். அடுக்குகளில் பழுப்பு உறைகள். சுவரில் கண்ணாடிபோட்ட அறிவிப்பு ஒன்று:

'விதையைச் சேகரித்தவர் மட்டுமே பெயர்ச் சீட்டைத் திருத்தலாம். ஒரே கோடு. கையெழுத்து. தேதி. பழைய எழுத்து படிக்கத் தெரிய வேண்டும்.'

கீழே தலைவரின் கையெழுத்து.

"பத்தொன்பது வருஷம் இந்தச் சுவத்தைப் பார்த்துக்கிட்டே வேலை செஞ்சிருக்கேன்" என்றார் பொறுப்பாளர். "ஒரு உறையைத் திறந்தா அதை மூடாம அடுத்ததைத் தொட மாட்டேன். வீட்டுல உப்பையும் சர்க்கரையையும் மாத்திப் போட்டிருக்கேன். இங்க போட்டதில்ல."

"வேலை போயிடும்னு பயமா இருக்கா அக்கா?"

"போனாப் போகட்டும் தம்பி. என் பொண்ணு வேற ஒரு விதை நிலையத்துல இதே வேலைக்கு மனு போட்டிருக்கா. இது சின்ன உலகம். 'விதையை மாத்தினவ பொண்ணு'ன்னுதான் அந்த மனுவைப் படிப்பாங்க." குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். "எது வேணுமோ பாருங்க. ஆனா கையுறை போட்டுட்டுத் தொடுங்க."

பதினாறையும் பதினேழையும் எடுத்துத் தரச் சொன்னேன். ஒன்றைத் திறந்து வெள்ளைத் தட்டில் நாலு விதை, மூடி வைத்துவிட்டு இன்னொரு தட்டில் அடுத்ததிலிருந்து நாலு விதை. சொன்னபடியே செய்தார்.

என் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். தொழில் தொடங்கிய அன்று வாங்கியது. பதினோரு வருடத்தில் டெலிபோன் கட்டணத் தேதியைப் படிப்பதைத் தவிர வேறு எதற்கும் அது பயன்பட்டதில்லை.

பதினேழின் விதைகளில் மீன்வலை வரி தெளிவாக இருந்தது. ஆய்வகம் சொன்னது சரி. பதினாறைப் பார்த்தேன். அதிலும் மீன்வலை.

"ரெண்டும் வலையன்" என்றேன்.

"ஆமா" என்றார் பொறுப்பாளர். "பதினாறு வலையன்தானே."

மாப்பிள்ளை தொங்கும் சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டே தட்டுகளைப் பார்த்தான். "மாமா, விசேஷ வீட்டு வாசல்ல ஒருத்தன் தன் பழைய செருப்பை விட்டுட்டு உங்க புதுச் செருப்பை மாட்டிட்டுப் போயிட்டான். வாசல்ல என்ன கிடக்கும்?"

"அவன் பழைய செருப்பு."

"இங்க பழைய செருப்பு எங்க?"

நான் பதினாறை மறுபடி பார்த்தேன். இரண்டு உறையும் இடம் மாறியிருந்தால் பதினாறில் பிளவன் இருக்க வேண்டும். இல்லை. பொறுப்பாளர் அந்த அடுக்கு முழுவதையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக் காட்டினார். ஒரு மணி நேரம் ஆனது. என் விரல்கள் மரத்துப்போயின. நடுவில் பிளந்த, இரண்டு கன்னம் வைத்த விதை ஒன்றுகூட அந்தக் குளிரறையில் இல்லை.

"காணாமப் போன பொருளைத் தேடறதுதான் நம்ம தொழில்" என்றான் மாப்பிள்ளை. "வராமலே இருந்த பொருளை எப்படி மாமா தேடறது?"

அப்போது அதையும் நான் நகைச்சுவை என்றே கணக்கில் வைத்தேன்.

வெளியே வந்து கம்பளியைக் கழற்றும்போது, ஆணியில் கொத்தாகத் தொங்கிய சின்னஞ்சிறு துணிப் பைகளை அவன் தொட்டுப் பார்த்தான். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. வாயில் சுருக்குக் கயிறு.

"இது என்ன அக்கா, கொசுவுக்குச் சட்டையா?"

முதல்முறையாக அவர் முகம் இளகியது. "காட்டுக் கடலைக்கு. அஞ்சாறு வருஷத்துக்கு ஒருதடவை எல்லா உறையிலேருந்தும் கொஞ்சம் விதைச்சு, புது விதை எடுத்து வைப்போம். நம்ம கடலைக் காய் பழுத்தாலும் செடியிலயே நிக்கும், நாம போய்ப் பறிக்கற வரைக்கும். காட்டுக் கடலை யாருக்கும் காத்திருக்காது. வெயில் ஏறினதும் காய் வெடிச்சு விதை தெறிச்சு எங்கேயோ விழும். அதனால ஒவ்வொரு காய்க்கும் ஒரு பை."

"ஒரு காய்க்குக் கட்ட மறந்துட்டீங்கன்னா?"

"அது விதையே இல்ல, குப்பை. தரையில விழுந்ததைப் பொறுக்கி உறையில போடக் கூடாது. எவன் வீட்டுப் பிள்ளைன்னு யாருக்குத் தெரியும்?"

"பதினேழாம் உறை முதல்ல எங்கேருந்து வந்துச்சும்மா?" என்று கேட்டேன்.

"தலைவரே மலைச்சரிவுலேருந்து கொண்டுவந்தது. நான் வேலைக்குச் சேர்றதுக்கு ஏழு வருஷம் முன்னாடி. உறைமேல இருக்கறது அவர் எழுத்துதான். செடியையும் அழுத்திக் காயவச்சுத் தாள்ல ஒட்டி மாடி அலமாரியில வச்சிருப்பாங்க. அதுக்குச் சாவி அவர்கிட்ட. எனக்கு அங்க வேலை கிடையாது."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்த மிகச் சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று. "நீங்களும் வாங்க அக்கா" என்றான் அவன். "உங்களுக்கு வேலை இல்லாத இடத்தைத்தான் நாங்க தேடிட்டு இருந்தோம்."

* * *

தலைவர் மகிழ்ச்சியோடுதான் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். தன் இளமைக்காலத்தைக் காட்டக் கேட்டால் யார் மறுப்பார்கள்? பொறுப்பாளர் கதவருகிலேயே நின்றுகொண்டார். மணி மூன்றேகால்.

இரும்பு அலமாரியிலிருந்து ஒரு கெட்டித் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார் தலைவர். இருபத்தாறு வருடம் அழுத்தத்தில் கிடந்த செடி, நிழலைப்போல் தட்டையாகத் தாளோடு ஒட்டியிருந்தது. வலது மூலையில் சிறிய காகிதப் பை. அதன் வாயில் பசைத்தாள் ஒட்டி, அதன்மேல் அன்றைய தேதி முத்திரை. முத்திரை உடையவில்லை.

"இந்தப் பையில என்ன?"

"உறையில போட்ட அதே விதையில கொஞ்சம். அத்தாட்சிக்கு. யாரும் பிரிச்சதில்ல."

"பிரிக்கலாமா?"

"தாராளமா. உள்ள பிளவன் இருக்கும். கிடங்குல மாறிடுச்சுங்கறது அப்ப உறுதியாயிடும்."

அவரே கத்தியால் கீறி, வெள்ளைத் தாளில் கவிழ்த்தார். ஆறு விதைகள் உருண்டன. பூதக்கண்ணாடியை அவரிடமே கொடுத்தேன். குனிந்தார். நிமிரவில்லை.

"சார்?"

"வலையன்" என்றார்.

கதவருகில் சாவிக் கொத்து மெல்லக் குலுங்கியது.

இருபத்தாறு வருடமாகப் பூட்டிய அலமாரியில், முத்திரை போட்ட பையிலேயே வலையன். பத்தொன்பது வருடத்துக்கு முன் வந்தவர் அதை மாற்றியிருக்க வழியில்லை. என்னைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது. தொப்பி வைத்திருந்தால் எடுத்து மாட்டியிருப்பேன்.

தலைவருக்கு வழக்கு முடியவில்லை. "அப்படி இருக்க முடியாது. இந்தச் செடி பிளவன்தான். இலையைப் பாருங்க, பூவைப் பாருங்க. ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இதுல நான் தப்பு பண்ணல."

அவர் சொன்னது உண்மை என்று பின்னால் மற்றவர்களும் உறுதிசெய்தார்கள். செடி பிளவன். விதை வலையன். ஆட்டுக்குப் பக்கத்தில் கன்றுக்குட்டியை நிறுத்தி வைத்ததுபோல் இருந்தது. நான் யோசிக்க வசதியாக நின்றுகொண்டேன். ஒன்றும் வரவில்லை.

மாப்பிள்ளை மேசையில் கன்னத்தை வைத்து, செடியைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, இந்தச் செடியில காயெல்லாம் கொட்டாவி விடுது."

"சும்மா இரு மாப்ள."

"இல்ல மாமா, எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு காலியா நிக்குது. வெடிச்சு முடிஞ்ச செடி. அப்ப சார் விதையை எங்கேருந்து எடுத்தாரு?"

தலைவர் தாளின் அடியில் இருந்த சீட்டை விரலால் தேடினார். மங்கிய நீல மை, நான்கு வரி. கடைசி வரியை அவரே வாசித்தார், அது வேறு யாரோ எழுதியது என்பதுபோல.

"'காய்கள் வெடித்துவிட்டன. விதைகள் செடியின் அடியில் பொறுக்கப்பட்டவை.'"

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "மழை வர்ற மாதிரி இருந்துச்சு. சரிவுல ரெண்டு வகையும் பின்னிக்கிட்டுக் கிடந்துச்சு. வண்டிக்காரன் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான்."

செடியின் நுனியில் ஒரே ஒரு காய் மட்டும் வெடிக்காமல் அழுந்தியிருந்தது. அதை அவர் கத்தி முனையால் பிரித்தார். உள்ளே ஒரு விதை. நடுவில் பிளந்து, இரண்டு கன்னம் வைத்து, கரடுமுரடாக. அந்த நிலையத்துக்கு வந்துசேர்ந்த ஒரே பிளவன் அதுதான். உறைக்குள் போகாத பிளவன்.

இருபது பூவில் பதினாலு காய். ஊரெல்லாம் தோற்ற இடத்தில் அவர் ஜெயிக்கவில்லை. அந்த இடத்துக்கு அவர் போகவே இல்லை. அத்தை மகனைக் கட்டிவைத்துவிட்டு, கடல் கடந்து சம்பந்தம் செய்ததாக இருபத்தைந்து வருடம் மாலை வாங்கியிருந்தார்.

"பூ வந்தப்ப கொஞ்சம் பெரிசா இருக்கேன்னு தோணுச்சு" என்றார் மெதுவாக. "நம்ம மண்ணு நல்ல மண்ணுன்னு நினைச்சுக்கிட்டேன்."

"நானும் சொன்னேன் சார்" என்றார் பொறுப்பாளர் கதவருகிலிருந்து. "போன தடவை விதைச்சப்ப, பதினேழும் பதினாறும் ஒரே ஜாடையா இருக்குன்னு வந்து சொன்னேன். 'உங்க வேலை கதவைப் பூட்டறது'ன்னீங்க."

தலைவர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "இந்தத் தாளை நாலு பேர்தான் பார்த்திருக்கோம். விதை எப்படி மாறிச்சுன்னு தெரியலைன்னு உங்க அறிக்கையில எழுதலாமே. அவங்களை வேற பிரிவுக்கு மாத்திடறேன். யாருக்கும் கஷ்டம் இல்ல."

"மாத்தினா எதுக்கு மாத்தினாங்கன்னு கேப்பாங்க சார்" என்றார் பொறுப்பாளர். "என் பொண்ணுகிட்டயும் கேப்பாங்க."

"உங்க ரகம் இப்ப ஊரெல்லாம் விதைச்சிருக்கு" என்றேன் நான். "எவனாவது ஒரு பிடி எடுத்து அதே ஆய்வகத்துக்கு அனுப்பினா, அதுவே தன் அப்பா பேரைச் சொல்லிடும். அப்ப இந்தம்மாவைக் கைகாட்டிப் பழி போட முடியாது. அவங்க கிடங்குல இருக்க மாட்டாங்க."

தலைவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் கேலி இல்லாமல் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"சார், செடிக்கு அந்த நோய் வருதா?"

"வரல."

"அப்பா யாருங்கறது நோய்க்குத் தெரியாது. செடி நிக்குது. அதைச் செஞ்சது நீங்க. பேரு மட்டும்தானே தப்பு?"

சுவர்க் கடிகாரம் நாலடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. பொறுப்பாளர் கம்பளிச் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். கையோடு பதினேழாம் உறையையும் கொண்டுவந்திருந்தார். அதை மேசைமேல் தலைவர் முன்னால் வைத்தார்.

"சேகரிச்சவர்தான் சார் திருத்தணும். நான் தொடக் கூடாது."

தலைவர் பேனாவை வாங்கினார். சுற்றிச் சுற்றிக் கிறுக்கத்தான் அவர் கை போனது.

"ஒரே கோடு சார். பழசு படிக்கத் தெரியணும்."

பிளவன் என்ற எழுத்தின்மேல் ஒரே கோடு. பக்கத்தில் வலையன். கையெழுத்து. தேதி. பொறுப்பாளர் உறையை எடுத்து, மை காய ஊதி, சரிபார்த்தார். பிறகுதான் குல்லாயைக் கழற்றினார். தலை முழுக்க நரைத்திருந்தது.

கீழே அறைக்குத் திரும்பியபோது உத்தரவு அதே இடத்தில் காத்திருந்தது.

"இதுக்கும் ஒரே கோடு போதுமா சார்?" என்று கேட்டான் மாப்பிள்ளை.

போதுமானதாக இருந்தது.

* * *

பதக்கம் வரவில்லை. ரகம் வயல்களில் இன்னும் நிற்கிறது. பொறுப்பாளரின் மகளுக்கு அந்த வேலை கிடைத்தது. அவளும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பதாக ஒரு கடிதம் வந்தது, மாப்பிள்ளையின் பெயருக்கு.

என் அறிக்கையை அன்று மாலையே அவன்தான் தட்டச்சு செய்தான். நான் நின்றபடி சொல்லிக்கொண்டு வந்தேன். 'செடியிலிருந்த காய்கள் வெடித்திருந்ததை நான் கவனித்தேன்' என்ற இடத்தில் அவன் விரல் நின்றது.

"நான்தானே மாமா கவனிச்சேன்?"

"நிறுவனத்துக்கு நல்லா இருக்கும்டா."

"சரி விடுங்க" என்று சிரித்தான். "தரையில விழுந்தது. எவன் வீட்டுப் பிள்ளையோ." தட்டச்சைத் தொடர்ந்தான்.

அலுவலகத்தைக் காலிசெய்யும்போது அந்த நகல் கிடைத்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். 'நான்' என்ற சொல்லின்மேல் ஒரே கோடு போட்டேன். பக்கத்தில் 'என் மனைவியின் தம்பி' என்று எழுதினேன். கையெழுத்து. இன்றைய தேதி.

பழையதும் படிக்கத் தெரிகிறது.